இரண்டு லேப்பிலேயே மூச்சு வாங்குகிறது. பெரியவர்களின் நீச்சல் குழுவில் சேரலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 47. சிறுவயதில் நீச்சல் கற்றவர்; இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. தினமும் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று நடக்கிறீர்கள். மூன்று மாடி ஏறினாலும் இளைப்பதில்லை. ஆனால் 25 மீட்டர் குளத்தில் இரண்டு லேப் (ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரு லேப்) முடிப்பதற்குள் மூச்சு முட்டி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறீர்கள். வீட்டுக்கு அருகில் வாரத்தில் இரண்டு மாலைகள் கூடி நீந்தும் பெரியவர்கள் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் போட்டிக்குத் தயாராகிறவர்கள் அல்லர், உடம்புக்கும் மனத்துக்கும் இதமாக இருக்கிறது என்பதற்காக நீந்துகிறவர்கள். அதில் இப்போதே சேர்ந்துவிடலாமா, அல்லது சில மாதங்கள் தனியாகப் பழகி, தம் ஏற்றிக்கொண்டு சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது இவ்வளவுதான் என்றாலும், இதனுள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நடக்கும்போது வராத இளைப்பு நீந்தும்போது மட்டும் ஏன் வருகிறது என்பது ஒன்று. அந்த இளைப்போடு போய் நின்றால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிவிடுவேனோ என்பது மற்றொன்று.

இப்போதே சேருங்கள் என்பதே என் பதில். பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லித்தருவதும், இத்தகைய குழுக்களின் மாலைப் பயிற்சிகளைக் கரையில் நின்று கவனித்துக்கொள்வதும் பல ஆண்டுகளாக என் வேலை. உயிர்காப்புப் பயிற்சி பெற்றிருக்கிறேன். ஆனால் நான் மருத்துவன் அல்லன். ஆகவே நீச்சல் நுட்பத்தைப் பற்றி உறுதியாகவும், உடல்நலத்தைப் பற்றி ஒரு பயிற்சியாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவிலும் மட்டுமே பேசுகிறேன். நீங்கள் நீந்துவதை நேரில் பார்க்காமல் எழுதுவதால், கீழே சொல்வதில் சில உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இருந்தாலும் நீங்கள் விவரித்திருக்கும் இந்த இளைப்பு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு தண்ணீருக்குத் திரும்புகிற பெரியவர்களிடம் நான் ஓயாமல் காண்பது. அவர்களில் பெரும்பாலோருக்குக் குறையாக இருந்தது தம் அல்ல. மெதுவாக நீந்தத் தெரியாததுதான். தனியாகப் போய்த் தம் ஏற்ற முயன்றால், பிழையான முறையிலேயே கூடுதல் தூரம் போகப் பழகிக்கொள்வீர்கள்; பிறகு அதைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது இரட்டை வேலை.

இளைப்புக்கான முதல் காரணம், நீருக்கடியில் மூச்சை வெளியே விடாமல் இருப்பது. நடக்கும்போது நாம் மூச்சைப் பற்றி நினைப்பதே இல்லை. முகம் நீரில் அமிழ்ந்ததும் பெரும்பாலோர் தம்மை அறியாமலே தம் கட்டிக்கொள்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: உதடு இறுகியிருக்கும், கன்னம் உப்பியிருக்கும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், முகத்தைச் சுற்றி ஒரு குமிழிகூட எழாது. பிறகு தலையைத் திருப்புகிற அந்த ஒரு கணத்துக்குள் உள்ளே அடைத்துவைத்த காற்றை வெளியேற்றவும் வேண்டும், புதுக்காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. பழைய காற்றில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட, அதன்மேல் அரைகுறையாக ஒரு மூச்சு. அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம் பாக்கி. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு அல்ல, இரத்தத்தில் கூடிவரும் கார்பன் டை ஆக்சைடு. உடலியங்கியலில் இதில் ஐயமே இல்லை. அதனால்தான் உங்கள் இதயமும் கால்களும் இன்னும் அரை மணி நேரம் உழைக்கத் தெம்போடு இருக்கும்போதே, நாற்பதாவது மீட்டரில் ‘இனி முடியாது’ என்ற பதற்றம் வந்துவிடுகிறது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை நீளமாக மூச்சு விட்டதும் அந்தப் பதற்றம் சட்டென்று அடங்குகிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள். அடங்கினால் சிக்கல் மூச்சு விடும் முறையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இதோடு கழுத்தளவு நீரில் மார்பின்மேல் நீரின் அழுத்தம் இருப்பதால், மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்குக் காற்றில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதல் வேலை. அதே அழுத்தம் கால்களிலிருந்து இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுவதால், சிறுநீரகம் உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. குளத்தில் இறங்கிய சிறிது நேரத்திலேயே சிறுநீர் முட்டுவதன் காரணம் இதுதான், அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் தலை இருக்கும் நிலை. நுரையீரலில் காற்று இருப்பதால் நம் உடலின் மிதப்பு மையம் மார்பை ஒட்டியும், எடையின் மையம் அதற்குக் கீழே இடுப்பை ஒட்டியும் அமைந்திருக்கிறது. ஆகவே கால் தாழ்வது இயற்கை. முன்னே பார்க்க வேண்டும் என்றோ, கண்ணில் நீர் படக்கூடாது என்றோ தலையைத் தூக்கினால், தராசின் ஒரு தட்டு ஏற மறுதட்டு இறங்குவதைப் போலக் கால் இன்னும் கீழே போகும். அப்போது நீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டிய உடம்பு, நீரைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்குகிறது. நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு என்பதால் இந்தச் சிறு சாய்வுக்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. அதோடு வேகம் இரண்டு மடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகவும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகவும் உயர்கிறது. இதைத் தலைகீழாக வாசித்தால் உங்களுக்கு நல்ல செய்தி: வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தேவைப்படும் திறன் கால்பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. நடையில் இந்தச் சலுகை இவ்வளவு பெரிதாகக் கிடைப்பதில்லை. கொஞ்சம் வேகமாக நடக்கிறவரும் கொஞ்சம் மெதுவாக நடக்கிறவரும் களைப்பில் பெரிதாக வேறுபடுவதில்லை. நீரிலோ அந்தச் சிறு வேறுபாடுதான், இருபது லேப் இதமாக நீந்தி வருகிறவரையும் இரண்டு லேப்பில் திணறுகிறவரையும் பிரித்துவைக்கிறது.

மெதுவாக நீந்துங்கள் என்று சொல்வது எளிது. எப்படி என்பதே கேள்வி. மெதுவாகப் போக முயல்கிற புதியவர் கையையும் காலையும் மெதுவாக அசைத்தால் மூழ்கத் தொடங்குவார், உடனே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுவார். எனவே மிதப்பும் மூச்சும் முதலில் வர வேண்டும். மார்பளவு நீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயால் ஒரு சாதாரண மூச்சு எடுத்து, தலையை முழுக்க அமிழ்த்தி, மூக்கு வழியாக மெல்லிய சீரான குமிழிகளாக விட்டுக்கொண்டே இருந்து, காற்று தீரும் தறுவாயில் எழுந்து வாயால் இழுங்கள். பெரிய மூச்சு எடுக்காதீர்கள். மார்பை நிரப்பிக்கொள்கிறவர் அதை வெளியே விட அவசரப்படுவார். குமிழி ஒரே சீராக வருகிறதா, திக்கித் திக்கி வருகிறதா என்பதைக் காதாலேயே கேட்கலாம். சீரானதும் இதையே சுவரை உதைத்துச் சறுக்கும்போது செய்யுங்கள், பிறகு நீந்தும்போது. பார்வை குளத்தின் அடித்தளத்தை நோக்கி இருக்கட்டும். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல், உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் உருட்டுங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை நீருக்குள்ளும் மற்றது வெளியிலுமாக இருந்தால் போதும். இடம் வலம் இரண்டு பக்கமும் மூச்சு எடுத்தே தீர வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். உடலின் சமநிலைக்கு அது நல்ல பயிற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று கைவீச்சுக்கு ஒரு முறை மூச்சு என்ற கட்டாயத்தைத் தொடக்கத்திலேயே தலையில் ஏற்றிக்கொண்டால் உங்கள் இளைப்பு கூடத்தான் செய்யும். இரண்டு கைவீச்சுக்கு ஒரு முறை, வசதியான பக்கத்தில் எடுங்கள்.

தூரத்தைக் கூட்டுவதில் நான் கடைப்பிடிக்கும் முறை இது: ஒரு லேப், ஓய்வு, ஒரு லேப், ஓய்வு. பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலின்றிப் பேச முடிகிற வரைக்கும் ஓய்வு. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு லேப்பிலும் எத்தனை கைவீச்சு என்பதை எண்ணுங்கள். அதே தூரத்துக்கு எண்ணிக்கை மெல்லக் குறைந்துவந்தால் நீரின் எதிர்ப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைலை மட்டுமே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. இடையிடையே மல்லாந்து நீந்துங்கள். அதில் முகம் எப்போதும் வெளியில் இருப்பதால் மூச்சு தானாகவே சீராகும். மல்லாந்து போகும்போது தலைக்குமேல் கொடித்தோரணம் கட்டியிருந்தால், அது சுவரிலிருந்து 5 மீட்டரில் கட்டப்படுவது. தோரணத்திலிருந்து சுவர்வரை எத்தனை கைவீச்சு என்று ஒரு முறை எண்ணிவைத்துக்கொண்டால் மண்டை இடிக்காது. தவளை நீச்சல் பலருக்குப் பிடித்தது, தவறில்லை. ஆனால் முழங்காலின் உட்புறம் வலித்தால் அந்த உதையைச் சில நாள் நிறுத்திவையுங்கள். வெளிப்பக்கமாகச் சுழற்றி உதைக்கும் அந்த அசைவு உட்பக்கத் தசைநாரை இழுப்பது நன்கு அறியப்பட்ட சிக்கல்.

இனி குழுவுக்கு வருவோம். பொழுதுபோக்காக நீந்துகிற பெரியவர்கள் குழு என்று பெயர் இருந்தாலும், எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சேர்வதற்கு முன் ஒரு மாலை கரையில் உட்கார்ந்து பாருங்கள். வேகமாக நீந்துகிறவர்களைப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. குளத்தை நீளவாக்கில் பிரித்த தடங்களில் (லேன்களில்) மெதுவான லேனைப் பாருங்கள், அதிலும் லேனின் முனையைப் பாருங்கள். மூன்று பேர் முழங்கையை விளிம்பில் ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்களா, சுவரைத் தொட்டுத் திரும்ப வருகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்குகிறார்களா, பொறுப்பாளர் அந்த மூவரையும் பெயர் சொல்லி அழைக்கிறாரா? அப்படியென்றால் உங்களுக்கான இடம் அங்கே இருக்கிறது. மெதுவான லேனில் ஒருவரே தனித்துத் தத்தளிக்க, பயிற்சியாளர் மறுகோடியில் கடிகாரத்தோடு நிற்கிறார் என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது பந்தயக் குழுவே. சில இடங்களில் ‘மாஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம். நீச்சலில் அது வயது வந்தோர் பிரிவைக் குறிக்கும் சொல்லே தவிரத் தேர்ச்சிப் பட்டம் அல்ல. உலகப் போட்டிகளில் 25 வயது நிரம்பியவர்கள் அந்தப் பிரிவில் வருகிறார்கள். ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, தொண்ணூறு கடந்தவர்களுக்கும் தனிப்பிரிவு வைத்து நடத்துகிறார்கள். முதல் உலக மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி 1986இல் டோக்கியோவில் நடந்தது. போட்டிக்கே போகாமல் ஆண்டுக்கணக்கில் அத்தகைய குழுக்களில் நீந்துகிறவர்கள் ஏராளம்.

இடைஞ்சல் என்ற கவலைக்கு வருகிறேன். ஒரு லேனில் இடைஞ்சல் உண்டாவது மெதுவாக நீந்துவதால் அல்ல. அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்க முடியாதபடி நீந்துவதால். லேனில் ஒருவழிச் சுற்றாகப் போவார்கள், போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். எந்தத் திசை என்று இறங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னே போகிறவருக்கும் உங்களுக்கும் இடையில் ஐந்து முதல் பத்து வினாடி இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். நிற்க வேண்டுமானால் சுவருக்கு வந்து மூலையில் நில்லுங்கள். சுவரின் நடுப்பகுதி திரும்புகிறவர்களுக்கு உரியது. பின்னால் வருகிறவர் உங்கள் பாதத்தை மெல்லத் தொட்டால் அது சினம் அல்ல, முந்திக்கொள்ள விரும்புகிறேன் என்பதற்கான அடையாளம். பாதியில் நின்றுவிடாமல் அடுத்த சுவர்வரை போய் அங்கே வழிவிடுங்கள். இந்த நான்கையும் கடைப்பிடிக்கிற மெதுவான நீச்சல்காரரால் யாருக்கும் தொல்லை வந்து நான் பார்த்ததில்லை. வேகமாக நீந்திக்கொண்டே திடீரென லேன் நடுவில் நின்று கண்ணாடியைச் சரிசெய்கிறவரால் வந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும், இதனால் உடம்புக்கு என்ன நன்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இது நல்ல பயிற்சி என்பதும், மூட்டுகளின்மீது எடை இறங்காததால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஏற்றது என்பதும் உறுதியானவை. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இரண்டு மாலைகளில் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். எனவே உங்கள் நடையை விட்டுவிடாதீர்கள். அதற்கு வேறொரு காரணமும் உண்டு: எலும்பு வலுப்பெற அதன்மீது எடை இறங்க வேண்டும், நீரோ எடையைத் தாங்கிக்கொள்கிறது. நீரில் இதயத்துடிப்பு அதே அளவு உழைப்புக்கு நிலத்தில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதால், நடைக்கு வைத்திருக்கும் துடிப்புக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த வேண்டாம். எடை குறையுமா என்பது ஐயத்துக்குரியது. ஆற்றல் செலவாவது உண்மை. ஆனால் குளிர்ந்த நீரிலிருந்து ஏறியதும் பலருக்குப் பசி பிடுங்குவதும் உண்மை, கணக்கு அங்கே நேராகிவிடுகிறது. நீந்தினால் ஆயுள் கூடும் என்று உறுதியாகச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நீந்துகிறவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள் என்பதால், காரணம் எது விளைவு எது என்று பிரிப்பது கடினம். சாப்பிட்டவுடன் நீந்தினால் தசை பிடித்து மூழ்கிவிடுவோம் என்ற பழைய எச்சரிக்கைக்கும் வலுவான சான்று இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நீந்துவது சுகமாக இருக்காது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்துகள் சில உண்டு. அவற்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நெஞ்சுவலி, இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டே வாருங்கள். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ நீந்தும்போது மயக்கம் வந்திருந்தால், அல்லது நன்றாக நீந்தத் தெரிந்த உறவினர் ஒருவர் காரணம் தெரியாமல் மூழ்கி இறந்திருந்தால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். லாங் க்யூடி என்ற பரம்பரை இதயத்துடிப்புக் கோளாற்றின் ஒரு வகையை நீச்சல் தூண்டக்கூடும், ஈசிஜி அதற்கான முதற்படி. வலிப்பு உள்ளவர்கள் பொறுப்பாளருக்குத் தெரியாமல் நீரில் இறங்கவே கூடாது. பலமுறை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு நீருக்கடியில் நீண்ட தூரம் போகும் விளையாட்டை யார் அழைத்தாலும் ஆடாதீர்கள். அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு முட்டும் எச்சரிக்கையே வராமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். நீந்தும்போது இருமலோடு நுரைத்த அல்லது இரத்தம் கலந்த சளி வந்தால் அது சாதாரண இளைப்பு அல்ல, நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம். உடனே கரையேறி மருத்துவ உதவி நாடுங்கள். சிறு தொல்லைகளில் தோள்வலி முதன்மையானது: நான்கு நாள் ஓய்வில் குறையாவிட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். காதில் நீர் தங்கி அரிப்பெடுத்தால் பஞ்சுக்குச்சியால் குடையாமல், தலையைச் சாய்த்து வடியவிட்டுத் துண்டால் ஒற்றினால் போதும்.

சாமான்களில் முகத்தோடு பொருந்துகிற கண்ணாடி ஒன்றுதான் இன்றியமையாதது. பட்டையை மாட்டாமல் கண்குழியில் அழுத்தினால் ஓரிரு வினாடி ஒட்டி நிற்க வேண்டும். காலில் மாட்டும் ஃபின்ஸ், கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகையான கிக்போர்டு போன்றவற்றைக் குழுவே வைத்திருக்கும், வாங்க வேண்டாம். இறங்குவதற்கு முன் குளித்துவிட்டு இறங்குங்கள். மூக்கை உறுத்தும் ‘குளோரின் வாடை’ என்று நாம் சொல்வது உண்மையில் குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை.

முதல் மாலையில் பொறுப்பாளரிடம் இதைச் சொல்லுங்கள்: நீண்ட இடைவெளிக்குப் பின் வருகிறேன், இரண்டு லேப்புக்கு மேல் மூச்சு வாங்குகிறது, மெதுவான லேனில் கடைசி ஆளாக நீந்த விரும்புகிறேன், என் முகத்தைச் சுற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கடைசி வேண்டுகோளை விட்டுவிடாதீர்கள். குழுவில் சேர்வதில் தனிப்பயிற்சியில் கிடைக்காத பயன் அந்தக் கரைக்கண்தான். அரை மணி நேரத்தில் ஏறிவிடுங்கள், களைத்துச் சாயும்வரை இருக்க வேண்டாம். மூச்சு விடும் பயிற்சியை ஒழுங்காகச் செய்து, வாரம் இருமுறை தவறாமல் போய்வந்தால், ஆறு முதல் எட்டு வாரங்களில் நான்கைந்து லேப் நிற்காமல் போக முடிகிறவர்களே நான் பார்த்தவரையில் அதிகம். அந்தக் காலத்துக்குப் பிறகும், குமிழி சீராக வந்தும், மெதுவாகப் போயும், அதே இளைப்பு அதே இடத்தில் வந்தால், காரணம் நுட்பத்தில் இல்லை என்று எடுத்துக்கொண்டு, இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்துவிட்டு மேலே தொடருங்கள்.